ஆலைக் கணினிக்கு உள்ளிருந்து ஒரு வழி

கிளிநொச்சியில் அண்ணாவின் அரிசி ஆலையில் ஒரு லினக்ஸ் கணினி கணக்குப் பார்க்கிறது. நான் இருப்பது வவுனியாவில். கணக்கு பிசகினால் ஏ9 வீதியால் பஸ் ஏற வேண்டும். ஆலையில் சிம் ரவுட்டர்தான். அதற்கென்று பொது ஐபி முகவரி, அதாவது வெளியிலிருந்து நேரே தேடி வரக்கூடிய இணைய முகவரி, இல்லை. வெளியே நின்று தட்டினால் கதவு திறக்காது. உள்ளிருந்துதான் சுரங்கம் வெட்ட வேண்டும்.

இரண்டு பக்கமும் வந்து சேர, பொது முகவரியுள்ள ஒரு சின்ன சேர்வரை மாத வாடகைக்கு எடுத்தேன். ஆலைக் கணினியில் எஸ்எஸ்எச் (தூரத்துக் கணினிக்குள் பாதுகாப்பாக நுழையும் வழி) சாவி உருவாக்கி, பொதுச் சாவியைச் சேர்வரில் போட்டேன். எஸ்எஸ்எச் கட்டளையில் ஆங்கிலப் பெரிய எழுத்தில் என் (இணைப்பு மட்டும் போதும்), ஆர் (தலைகீழ்ச் சுரங்கம்) கொடுத்து, ஆருக்குப் பக்கத்தில் 2222:லோக்கல்ஹோஸ்ட்:22 என்று எழுதினால் சரி. சேர்வரின் 2222 போர்ட்டுக்கு, அதாவது அந்த இலக்க வாசலுக்கு, வருவது ஆலையின் எஸ்எஸ்எச் வாசலான 22க்குப் போகும். அந்தப் போர்ட் சேர்வருக்குள் மட்டுமே திறக்கும். அப்படியே விடுங்கள், அதை வெளியாருக்கும் திறந்துவிடும் கேட்வேபோர்ட்ஸ் அமைப்பைத் திறந்தால் ஊரெல்லாம் வந்து தட்டும்.

என்னைப் பாடாய்ப் படுத்தியது கரண்ட். போய் வந்ததும் ஆலை மறுபடி இணையப் பார்க்கும். சேர்வரோ பழைய இணைப்பு உயிரோடிருப்பதாக நினைத்து 2222ஐப் பிடித்துக்கொண்டிருக்கும். சேர்வரின் எஸ்எஸ்எச்டி (இணைப்பை ஏற்கும் நிரல்) அமைப்பில் கிளையன்ட்அலைவ்இன்டர்வல் 30, கிளையன்ட்அலைவ்கவுன்ட்மேக்ஸ் 3 என்று போட்டேன்: 30 விநாடிக்கு ஒருமுறை கூப்பிட்டு, மூன்று முறை பதில் இல்லாவிட்டால் இணைப்பை வெட்டும். ஒன்றரை நிமிடத்தில் விட்டுவிடுகிறது. ஆலைப் பக்கம் எக்ஸிட்ஆன்ஃபார்வர்ட்ஃபெயிலியர் யெஸ், அதாவது 2222 கிடைக்காவிட்டால் கட்டளை சும்மா நிற்காமல் வெளியேறும். அப்புறம் முழுக் கட்டளையையும் லினக்ஸில் நிரல்களைத் தானாக ஓட்டும் சிஸ்டம்டியின் சேவையாக்கி, ரீஸ்டார்ட் ஆல்வேஸ், ரீஸ்டார்ட்செக் 10: நின்றால் 10 விநாடியில் மறுபடி தொடங்கும்.

பிரவுசரை ஆலை வழியாக இணையவைக்கும் ப்ராக்ஸி, அதாவது இடைத்தரகு, இதைவிடச் சுலபம். உங்கள் கணினியிலிருந்து சேர்வர் வழியாக ஆலைக்குள் எஸ்எஸ்எச்சில் நுழையும்போது, கட்டளையில் பெரிய எழுத்து டி, 1080 சேர்த்துக்கொள்ளுங்கள். பிரவுசரின் ப்ராக்ஸி அமைப்பில் வகை சாக்ஸ்5, முகவரி 127.0.0.1 (உங்கள் கணினியே), போர்ட் 1080. ஆலை ரவுட்டரின் அமைப்புப் பக்கம் வவுனியாவிலேயே திறக்கும்.