ஓஎஸ்பிஎஃப்பில் டிஃபால்ட் ரூட்: சறுக்கும் இடங்கள்

உள்ளே இருபது ரவுட்டர் இருந்தாலும் இன்டர்நெட்டுக்குப் போகிற வாசல் ஒன்றோ இரண்டோதான். அந்த வாசலில் உள்ள எட்ஜ் ரவுட்டர் 0.0.0.0/0 என்ற டிஃபால்ட் ரூட்டை (வேறு வழி தெரியாத பாக்கெட் போகும் வழி) ஓஎஸ்பிஎஃப்பில் (ரவுட்டர்கள் வழிகளைத் தங்களுக்குள் பகிரும் நெறிமுறை) அறிவிக்கும், மற்றவை அப்படியே நம்பும். அறிவிக்கிற ரவுட்டருக்கே வெளியே போக வழி இருக்கிறதா என்று அவை சரிபார்ப்பதில்லை. கீழே உள்ள தவறுகளில் பாதிக்கு இதுதான் வேர். கட்டளைகள் எல்லாம் சிஸ்கோ ஐஓஎஸ் கணக்கில்.

எட்ஜில் ஸ்டாட்டிக் (கையால் எழுதும்) டிஃபால்ட் ரூட் எழுதி, ஸ்டாட்டிக் ரூட்டுகளை ஓஎஸ்பிஎஃப்புக்குள் விடும் 'ரீடிஸ்ட்ரிப்யூட் ஸ்டாட்டிக் சப்நெட்ஸ்' கொடுத்துவிட்டு, எல்லாம் போய்விடும் என்று காத்திருப்பவர்கள் ஏராளம். மற்ற ஸ்டாட்டிக் ரூட்டுகள் போகும், 0.0.0.0/0 மட்டும் போகாது. அதற்கென்று 'டிஃபால்ட்-இன்ஃபர்மேஷன் ஒரிஜினேட்' தனியாகக் கொடுக்க வேண்டும். கொடுத்த பிறகு உள் ரவுட்டரில் 'ஷோ ஐபி ரூட்' அடித்தால் 'ஓ*இ2 0.0.0.0/0 [110/1]' என்ற வரி வர வேண்டும். அதற்குப் பதில் 'எஸ்*' என்று தொடங்கி [1/0] தெரிந்தால், யாரோ எப்போதோ எழுதிய ஸ்டாட்டிக் ரூட் அங்கேயே கிடக்கிறது. அதன் டிஸ்டன்ஸ் (எந்த வகை ரூட்டை முதலில் நம்புவது என்பதற்கான எண்) 1, ஓஎஸ்பிஎஃப்புக்கு 110. சின்ன எண்தான் ஜெயிக்கும். அதை நீக்குங்கள். பேக்கப்பாக வேண்டுமென்றால் டிஸ்டன்ஸ் 200 என்று கொடுத்து வையுங்கள்.

அதிகம் அடிவாங்குவது 'ஆல்வேஸ்' என்ற ஒரு சொல்லால். சாதாரண 'ஒரிஜினேட்' கட்டளை, ரூட்டிங் டேபிளில் டிஃபால்ட் ரூட் இருக்கும்வரைதான் அறிவிக்கும். ரூட் போனால் அறிவிப்பையும் திரும்பப் பெறும். 'ஆல்வேஸ்' சேர்த்தால் டேபிள் காலியாக இருந்தாலும் அறிவித்துக்கொண்டே இருக்கும். ஏ, பி என்று இரண்டு எட்ஜ் இருக்கும் இடத்தில் ஏ-யின் லைன் செத்துப்போனால், ஏ-க்குப் பக்கத்தில் உள்ள ரவுட்டர்கள் அங்கேயே பாக்கெட்டைக் கொட்டும், ஏ அதைத் தூக்கி எறியும். நாலாம் மாடியில் நெட் வரும், இரண்டாம் மாடியில் வராது. ஒரே வாசல் உள்ள இடத்தில் 'ஆல்வேஸ்' போட்டால் பெரிய நஷ்டமில்லை. இரண்டு இருந்தால் போடவே வேண்டாம்.

'ஆல்வேஸ்' இல்லாவிட்டாலும் இன்னொரு ஓட்டை இருக்கிறது. ஐஎஸ்பி லைனுக்கும் ரவுட்டருக்கும் நடுவில் ஸ்விட்சோ மீடியா கன்வெர்ட்டரோ இருந்தால், லைன் அறுந்தாலும் இன்டர்ஃபேஸ் 'அப்' என்றே காட்டும். ஸ்டாட்டிக் ரூட் அசையாது, அறிவிப்பும் நிற்காது. ஐபி எஸ்எல்ஏ (ரவுட்டரே இடைவெளி விட்டு சோதனை நடத்தும் வசதி) மூலம் வெளி முகவரி ஒன்றைப் பிங் செய்து, அதன் முடிவைக் கவனிக்கும் ட்ராக்கை ஸ்டாட்டிக் ரூட்டோடு கட்டுவதே வழி. பிங் இடைவெளி இயல்பாக 60 விநாடி, 10 ஆக்கலாம். 'ஐபி எஸ்எல்ஏ ஷெட்யூல்' வரியை மறந்தால் பிங் தொடங்கவே தொடங்காது.

இதிலும் ஒரு பொறி. ஏ-யின் லைன் போனதும் ஸ்டாட்டிக் ரூட் நீங்கும், ஏ உடனே பி-யிடமிருந்து டிஃபால்ட் ரூட்டைக் கற்கும், பிங் பி வழியாகப் போய் வெற்றி பெறும், ட்ராக் 'அப்' ஆகும், ஸ்டாட்டிக் திரும்ப வரும், மறுபடி விழும். ஆகவே பிங் செய்யும் முகவரிக்கு மட்டும் ஏ-யின் ஐஎஸ்பி வழியாக ஒரு /32 ஸ்டாட்டிக் ரூட் எழுதி ஆணியடித்து வையுங்கள். அந்த முகவரி, ஊழியர்களின் கணினியில் டிஎன்எஸ்ஸாகப் போட்டிருக்கும் 8.8.8.8 ஆக இருக்க வேண்டாம். லைன் போகும்போது டிஎன்எஸ்ஸும் சேர்ந்து போய்விடும்.

மெட்ரிக்கில் ஒரு குழப்பம் உண்டு. ஓஎஸ்பிஎஃப்புக்கு வெளியிலிருந்து வரும் ரூட்டில் இ1, இ2 என்று இரண்டு வகை. இ2 ரூட்டின் மெட்ரிக் (வழியின் செலவு எண்) போகும் வழியில் அதிகரிக்காது. எத்தனை ஹாப் தாண்டினாலும் 1 என்றே நிற்கும். இரண்டு எட்ஜும் 1 என்று சொன்னால், அருகில் இருக்கிற எட்ஜ் எதுவோ அதற்குத்தான் ட்ராஃபிக் போகும். ஏ முதன்மை, பி பேக்கப் என்றால் ஏ-க்கு 10, பி-க்கு 100 கொடுங்கள். ஒன்றை இ1, மற்றதை இ2 ஆக வைத்துவிட்டு எண்களை ஒப்பிடாதீர்கள். எண் எதுவானாலும் இ1-தான் ஜெயிக்கும்.

ஸ்டப் ஏரியாவில் (வெளி ரூட்டுகளை உள்ளே விடாத ஓஎஸ்பிஎஃப் பகுதி) ஏபிஆரே (ஏரியாக்களை இணைக்கும் ரவுட்டர்) டிஃபால்ட் ரூட்டைத் தானாக உள்ளே விடும். அதே பழக்கத்தில் என்எஸ்எஸ்ஏவிலும் (தானே வெளி ரூட்டுகளைக் கொண்டுவரக்கூடிய ஸ்டப் வகை) எதிர்பார்த்தால் வராது. 'ஏரியா 1 என்எஸ்எஸ்ஏ டிஃபால்ட்-இன்ஃபர்மேஷன்-ஒரிஜினேட்' என்று ஏபிஆரில் கேட்க வேண்டும், அல்லது 'நோ-சம்மரி' போட வேண்டும். ஏரியாவில் ஒரே ஒரு ரவுட்டரில் 'ஸ்டப்' விட்டுப்போனாலும் நெய்பர் உறவே உருவாகாது. அப்போது டிஃபால்ட் ரூட்டைத் தேடிப் பயனில்லை, ரவுட்டர்கள் பரிமாறும் ஹலோ பாக்கெட்டைப் பாருங்கள்.

ஐஎஸ்பி உங்களுக்கு 203.0.113.16/28 கொடுத்திருக்கிறது, அதில் ஐந்து முகவரிதான் பயன்பாட்டில் என்று வையுங்கள். மீதியில் ஒன்றுக்கு வெளியிலிருந்து பாக்கெட் வந்தால், எட்ஜுக்கு அதற்கான ரூட் தெரியாது, டிஃபால்ட் வழியாக ஐஎஸ்பிக்கே திருப்பும். ஐஎஸ்பி மறுபடி உங்களிடம் அனுப்பும். டிடிஎல் (பாக்கெட் இன்னும் தாண்டக்கூடிய ஹாப் எண்ணிக்கை) தீரும்வரை இந்தப் பந்தாட்டம் நடக்கும்; வெளியிலிருந்து ட்ரேஸ்ரூட் போட்டால் இரண்டே முகவரி மாறி மாறி வருவது இதனால்தான். எட்ஜில் 'ஐபி ரூட் 203.0.113.16 255.255.255.240 நல்0' என்று ஒரு வரி எழுதினால், அந்தப் பாக்கெட்டை எட்ஜே தூக்கி எறியும், பந்தாட்டம் நின்றுவிடும்.