ஆர் மென்பொருளில் ஐகன் பெறுமானங்களின் வரிசை: என் அனுபவம்

மட்டக்களப்பு வாவியில், கல்லடி முதல் வவுணதீவு வரை எடுத்த மீன் எண்ணிக்கையிலிருந்து ஒரு தூரத் தாயம் (இடங்களுக்கிடையிலான வேறுபாடுகளின் எண் அட்டவணை) செய்து, ஆர் என்ற புள்ளிவிபர மென்பொருளில் அதன் ஐகன் பெறுமானங்களைப் பார்த்தேன். சில காவிகளை, அதாவது எண் நிரல்களை, தாயத்தால் பெருக்கினால் அவற்றின் மடங்கே வரும்; அந்த மடங்குகள்தான் இவை. அப்போது மறைப் (சயக்குறி கொண்ட) பெறுமானம் ஒன்று நடுவில் வந்து நின்றது. கடைசியில் வரவேண்டியது அது.

காரணம் இதுதான். தாயம் சமச்சீரானதென்று (மூலைவிட்டத்தின் இரு பக்கமும் ஒன்றேயென்று) கண்டால் ஆர், குறியோடு சேர்த்துப் பெரியதிலிருந்து சிறியதாக அடுக்கும். சமச்சீர் இல்லையென்று பட்டால் மட்டுப்பெறுமானத்தை, அதாவது குறியை விட்ட அளவை, வைத்துப் பெரியதிலிருந்து அடுக்கும். உதாரணமாக, 0, 2 ஒரு நிரை; 2, −3 மறு நிரை: ஐகன் பெறுமானங்கள் 1, −4. இரண்டாம் நிரையின் 2 ஐ 2.0001 ஆக்கிப் பாருங்கள், −4 முன்னுக்கு வந்துவிடும். என் கோப்பில் எக்செல் மூலைவிட்டத்தின் ஒரு பக்கத்தை மட்டும் 3 தசமத்துக்கு வெட்டியிருந்தது, அதனால் சமச்சீர் கெட்டது.

தாயத்தையும் அதன் நிரல்மாற்றையும் (நிரைகளை நிரல்களாக்கிய தாயம்) கூட்டி 2 ஆல் வகுத்தேன், சரியாயிற்று. ஆரின் ஐகன் கட்டளையில் 'சிமெட்ரிக்' (symmetric) என்ற தெரிவை உண்மையென்று (TRUE) கொடுத்தாலும் ஓடும். ஆனால் அது கீழ் முக்கோணத்தை மட்டுமே வாசிக்கும். பிழை அங்கேயே இருந்தால் அதோகதிதான்.

வேறு வரிசை வேண்டுமென்றால் 'சோர்ட்' (sort) கட்டளை வேண்டாம். அது பெறுமானங்களை மட்டும் நகர்த்தும், காவிகள் பழைய இடத்திலேயே கிடக்கும், எச்சரிக்கையும் வராது. 'ஓர்டர்' (order) கட்டளை தரும் சுட்டியை, அதாவது புதிய வரிசையின் இட எண்களை, எடுத்து, பெறுமானங்களுக்கும் காவித் தாயத்தின் நிரல்களுக்கும் (நிரைகளுக்கு அல்ல) ஒன்றாகப் போடுங்கள். பிறகு தாயத்தை ஒரு காவியால் பெருக்கி, அதே காவியின் பெறுமான மடங்கு வருகிறதா என்று பார்க்கலாம். காவியின் குறி தலைகீழாக வந்தால் பயப்படத் தேவையில்லை.

பைதன் மொழியின் கணித நூலகமான நம்பையில் (NumPy), சமச்சீர்த் தாயங்களுக்கான 'ஐக்எச்' (eigh) சிறியதிலிருந்து பெரியதாகத் தரும். பொதுவான 'ஐக்' (eig) எந்த வரிசைக்கும் உத்தரவாதம் தராது.