ஒரே சிம்பொனி, மேடையிலும் ஸ்டுடியோவிலும்: ஒப்பிட்டுக் கேட்பது எப்படி

சிம்பொனி என்பது முழு ஆர்கெஸ்ட்ராவுக்கென்று எழுதிய நீண்ட இசை. முதல் வேலை, ஒரே சிம்பொனியின் மேடைப் பதிவு ஒன்று, ஸ்டுடியோ பதிவு ஒன்று என்று ஜோடியைச் சரியாகப் பிடிப்பது. நான் வழுக்கி விழுந்தது இங்கேதான். இசையமைப்பாளர் மாலரின் ஒன்பதாவது சிம்பொனியை, கண்டக்டர் (ஆர்கெஸ்ட்ராவை நடத்துபவர்) புரூனோ வால்ட்டர் 1938 ஜனவரியில் வியன்னாவில் மேடையில் நடத்திய பதிவு சுமார் 70 நிமிடம். 1961இல் அவரே ஸ்டுடியோவுக்காகச் செய்தது சுமார் 80. மேடை ஏறினாலே வேகம் பிடித்துவிடும் என்று கொஞ்ச காலம் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன். நடுவில் 23 வருடம், வேறு ஆர்கெஸ்ட்ரா, வேறு அரங்கம், மனிதருக்கு 84 வயது. இதையெல்லாம் விட்டுவிட்டு மேடையின் தலையில் கட்டியது என் அவசரம்.

கண்டக்டர், ஆர்கெஸ்ட்ரா, ஆண்டு மூன்றும் நெருங்கி இருக்கவேண்டும். இதே சிம்பொனிக்குக் கண்டக்டர் கராயனும் பெர்லின் பில்ஹார்மோனிக்கும் தோதான ஜோடி தருகிறார்கள்: 1979-80இல் பார்வையாளர் இல்லாமல் ஒன்று, 1982இல் மேடையில் ஒன்று. பதிவு முறையில் முன்னது அனலாக், பின்னது டிஜிட்டல். அந்த வித்தியாசத்தை மேடையின் கணக்கில் எழுதிவிடாதீர்கள்.

அடுத்து வால்யூம். சத்தம் ஒரு பிடி கூடினாலும் காது அந்தப் பக்கம் சாய்ந்துவிடும். முழு ஆர்கெஸ்ட்ராவும் வாசிக்கும் ஒரே இடத்தை இரண்டிலும் ஓட்டி, சமமாகக் கேட்கும்வரை திருகுங்கள். போன் ஆப் காட்டும் டெசிபல் போதும்.

மொத்த நிமிடத்தை நம்பவேண்டாம். கைதட்டலும் அதில் சேர்ந்திருக்கும். பீத்தோவன் என்றால், முதல் மூவ்மென்ட்டின் (சிம்பொனியின் பெரும்பிரிவு ஒவ்வொன்றும் ஒரு மூவ்மென்ட்) தொடக்கப் பகுதியைத் திரும்ப வாசித்தார்களா என்றும் பாருங்கள்.

உச்சக்கட்டத்தில் எல்லாரும் நன்றாகத்தான் வாசிப்பார்கள். நான் போவது இசைக்குறிப்பின் கடைசிப் பக்கத்துக்கு. மாலர் 9 முடியும் இடத்தில் தந்தி வாத்தியங்கள் மட்டும், மியூட் (ஒலியை அடக்கும் சிறு துண்டு) போட்டு, இருக்கிறதா இல்லையா என்ற சத்தத்தில் இழையும். ஸ்டுடியோ பதிவில் ஸ்வரங்களுக்கு நடுவே வெறும் அறை. மேடைப் பதிவில் அங்கே ஆட்கள் இருக்கிறார்கள். இருமலை அடக்கிக்கொண்டிருப்பதுகூடத் தெரிகிற மாதிரி இருக்கும். ஹெட்ஃபோனில் கேளுங்கள்.

பிசகையும் தேடிப் போகலாம். 1979 அக்டோபரில் இதே பெர்லின் பில்ஹார்மோனிக்கை வைத்து பெர்ன்ஸ்டைன் மாலர் 9 நடத்திய மேடைப் பதிவில், கடைசி மூவ்மென்ட்டின் உச்சத்தில் டிராம்போன்கள் நுழையவே இல்லை. விஷயம் தெரியாமல் முதலில் கேட்டபோது, தந்திகள் மட்டும் தனியே நின்று கதறுவதுபோல் இருந்தது. கண்டக்டரின் யோசனை என்றே நினைத்தேன். ஸ்டுடியோவாக இருந்தால் மறுபடி வாசித்து ஒட்டியிருப்பார்கள்.

ஒட்டுவது ஸ்டுடியோவில் மட்டும் நடப்பதில்லை. அட்டையில் ‘லைவ்’ என்று போட்டு, கீழே இரண்டு மூன்று தேதி இருந்தால் பல இரவுகளின் தையல் அது. நல்ல தையல் காதில் படாது. மோசமானதில் பின்னணியின் இரைச்சல் ஒரு நொடியில் மாறிவிடும்.

இரண்டையும் ஒரே மூச்சில் முழுதாகக் கேட்காதீர்கள், இரண்டாவது முறை காது களைத்திருக்கும். ஐந்து நிமிடத் துண்டு ஒன்றை மாற்றி மாற்றிப் போடுங்கள். எது எது என்று சொல்லாமல் வேறு யாராவது போட்டால் இன்னும் நல்லது. நான் அப்படிக் கேட்டபோது ஐந்தில் இரண்டு தடவை ஸ்டுடியோவையே மேடை என்று சொன்னேன்.