நெல்லை, பாளையில் கோட்டை தேடுகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பாளையங்கோட்டை மேடைப் போலீஸ் ஸ்டேஷன் அடியில் நின்றுகொண்டே "கோட்டை எங்கே இருக்கு?" என்று கேட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன். தலைக்கு மேலே இருப்பதே கோட்டைதான். கோட்டையின் மேற்கு வாசலில் மிஞ்சிய கட்டுமானத்தின் மேல் ஸ்டேஷன் அமைந்தது, அதனால்தான் "மேடை". கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்களுக்குத் தேவை தீர்ந்த பிறகு, 19ஆம் நூற்றாண்டில் மதில் பெரும்பாலும் போய்விட்டது. முழு மதிலைத் தேடிப் போனால் ஏமாற்றம்தான். வாசல், தெரு வளைவு, ஊர்ப்பேர் இவற்றைப் பாருங்கள்.

அடுத்த தவறு, திருநெல்வேலி டவுனையும் பாளையங்கோட்டை என்ற பாளையையும் ஒரே கோட்டை நகரமாக எண்ணுவது. நடுவே தாமிரபரணி ஓடுகிறது. சுலோசன முதலியார் பாலம் வந்ததே 1843இல்தான். பாளை மதிலுக்குள் அடங்கிய ஊர். டவுனோ நெல்லையப்பர் கோயிலைச் சுற்றி விரிந்தது. அதற்கு உருவம் கொடுத்தது தேர். நான்கு ரத வீதிகளும் அவ்வளவு அகலமாக இருப்பதற்கு ஆனித் தேரோட்டமே காரணம். வாகையடி முக்கிலோ சந்திப் பிள்ளையார் முக்கிலோ தேர் திரும்பும்போது பக்கத்தில் நின்று பாருங்கள். வடத்தை இழுக்கிற கூட்டமும் சக்கரத்துக்குக் கட்டை போடுகிறவர்களும் எவ்வளவு இடம் கேட்கிறார்கள் என்று தெரியும். தெருவை அளந்தது அந்தத் திருப்பம்தான்.

எல்லாவற்றையும் ஒரே ராஜா கட்டினார் என்று சொல்வதும் கூடாது. கீழ ரத வீதியில் நின்றால் சுவாமி சன்னதித் தெரு ஒன்று, அம்மன் சன்னதித் தெரு ஒன்று என இரண்டும் கிழக்கே போகும். நெல்லையப்பர் கோயிலும் காந்திமதி அம்மன் கோயிலும் தனித்தனியாக நின்றதை அந்தத் தெருக்கள் இன்றும் சொல்கின்றன. இரண்டையும் இணைக்கும் சங்கிலி மண்டபத்தை 1647இல் மதுரை நாயக்கரின் பிரதிநிதியான வடமலையப்ப பிள்ளையன் கட்டினார். பாளையும் அப்படித்தான். கோபாலசாமி கோயிலில் பாண்டியர் காலக் கல்வெட்டு உண்டு. ஊரின் பழைய பெயர் ஸ்ரீவல்லபமங்கலம். பெயரிலுள்ள "கோட்டை" பிறகு சேர்ந்தது.

கல் மதில் இல்லாவிட்டால் கோட்டையே இல்லை என்பார்கள். எனக்கு வருத்தம் தருவது இதுதான். பாளைச் சிறையிலிருந்து 1801 பிப்ரவரியில் தப்பிய ஊமைத்துரை, அதாவது கட்டபொம்மனின் தம்பி, இடிந்து கிடந்த பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையைச் சில நாட்களில் எழுப்பினார். அது மண் கோட்டை. கம்பெனிப் படை அதைப் பிடிக்க மே மாதம் ஆயிற்று.