ரூல் புத்தகத்தில் இல்லாத மோதலுக்கு அங்கேயே விதி போடுவது எப்படி

ராயபுரத்தில் எங்கள் வீட்டு மாடியில் ஞாயிறு மதியம் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆடுகிறோம்: ஆளுக்கொரு பாத்திரமாகிக் கதை சொல்லி, பகடை உருட்டி ஆடும் விளையாட்டு. கதையை நடத்துவது நான். ஓர்க் என்ற கற்பனை முரடனை வாளால் வெட்டப் புத்தகத்தில் விதி இருக்கிறது. கடல் அரக்கன் எழுப்பும் அலைகளைத் தாண்டிப் படகைக் கொண்டுபோக வேண்டும் என்றால்? பக்கம் புரட்டிக்கொண்டே இருந்தால் எல்லார் கையிலும் போன் வந்துவிடும். விதியை நாமே போட வேண்டியதுதான்.

எண்ணை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். முதலில், இதில் நிஜமாகவே கஷ்டம் எது என்று கண்டுபிடியுங்கள். தெரிந்தவர் மேசையிலேயே இருந்தால் அவரையே கேளுங்கள். எங்களோடு ஆடும் ஒரு தம்பி காசிமேட்டில் மீன்பிடிக் குடும்பத்தில் வளர்ந்தவன். "அலைக்குப் படகு மூக்கைக் குடுக்கணும் அண்ணா, பக்கத்தைக் காட்டினா கவுத்துடும். பெரிய அலை வரிசையா வரும், அப்புறம் கொஞ்சம் ஓயும். அந்த நேரத்துல விட்டுப் போயிடணும்" என்றான். பாதி விதி அதிலேயே கிடைத்துவிட்டது.

மூன்று அலை என்று வைத்தேன். ஒவ்வொரு அலைக்கும் சுக்கான் பிடிப்பவர் இருபது பக்கப் பகடையை உருட்டி, தன் திறமைக்கான கூடுதலோடு 15 எடுத்தால் மூக்கு நேராக நிற்கும். தவறினால் உடனே கவிழாது. படகு பக்கவாட்டில் திரும்பும். அடுத்த அலைக்குள் துடுப்புப் போடுகிறவர்கள் நேராக்கவில்லை என்றால்தான் கவிழும். ஓயும்வரை காத்திருந்தால் சுக்கான்காரர் இரண்டு முறை உருட்டிப் பெரியதை எடுத்துக்கொள்ளலாம், ஆனால் அரக்கன் ஒரு சுற்று நெருங்கிவிடுவான். போகலாமா, நிற்கலாமா என்று ஆடுகிறவர்கள் தங்களுக்குள் சண்டை போட வேண்டும். அதற்காகத்தான் விதியே.

இந்த ஆட்டத்தின் ஐந்தாம் பதிப்பில் எடுக்க வேண்டிய எண், சுலபமான வேலைக்கு 10, நடுத்தரத்துக்கு 15, கடினத்துக்கு 20. இந்த மூன்றும் மனதில் இருந்தால் பெரும்பாலும் போதும். திறமைக்கான கூடுதல் +5 உள்ளவர் 15 எடுக்க 55 சதவீத வாய்ப்பு. இரண்டு முறை உருட்டிப் பெரியதை எடுத்தால் கிட்டத்தட்ட 80. அந்த ஒரு சலுகையே போதும், காற்றுக்கு ஒன்று, இருட்டுக்கு ஒன்று என்று கூட்டிக் கழித்துக்கொண்டிருக்காதீர்கள். அடிபட்டால் எவ்வளவு சேதம் என்பதற்கு, 10 அடி உயரத்திலிருந்து விழுந்தால் ஓர் ஆறு பக்கப் பகடையில் விழும் எண் அளவு சேதம் என்ற விதியை அளவுகோலாக வைத்துக்கொள்ளலாம்.

பேச்சுவார்த்தை மாதிரி நீளமானவற்றுக்கு, 2008இல் வந்த நான்காம் பதிப்பின் முறை உதவும்: மூன்று தோல்வி வருவதற்குள் இத்தனை வெற்றி எடுக்க வேண்டும். ஒன்று மட்டும் கவனம். "என்ன செய்கிறாய்?" என்று முதலில் கேளுங்கள், எதை உருட்டுவது என்று பிறகு சொல்லுங்கள். இல்லையென்றால் ஆளாளுக்குத் தங்களுக்குப் பெரிய கூடுதல் உள்ள திறமையையே நீட்டுவார்கள்.

பகடை இல்லாமலும் விதி போடலாம். டிராகன் முட்டை ஏலத்துக்கு, ஆளுக்குக் கொஞ்சம் காசைக் கைக்குள் மறைத்து ஒரே நேரத்தில் திறக்கச் சொன்னேன். தோற்றவர் காசும் திரும்பாது. மாடியே அதிர்ந்தது. ஆனால் அம்பு விடுவதற்குக் கேரம் காயைச் சுண்டலாமா என்று ஒருவர் கேட்டபோது நான் ஒத்துக்கொள்ளவில்லை. நம்ம ஏரியாவில் கேரம் புலிகள் அதிகம். அவர்களுடைய கிழட்டு மந்திரவாதிகூட வில்லாளியை ஜெயித்துவிடுவார். பாத்திரத்தின் திறமைக்கு விதியில் இடம் இருக்க வேண்டும்.

விதி எதுவானாலும், ஜெயித்தால் என்ன, தோற்றால் என்ன என்பதை உருட்டுவதற்கு முன்பே சத்தமாகச் சொல்லிவிடுங்கள். அந்த மோதல் முடியும்வரை மாற்றாதீர்கள், உங்கள் அரக்கனே தோற்றாலும் சரி. முடிந்ததும் நோட்டில் எழுதி வையுங்கள். அடுத்த முறை அதே விதிதான் என்று நம்பித்தான் அவர்கள் திட்டம் போடுவார்கள். திருத்தம் வேண்டுமானால் ஆட்டம் முடிந்த பிறகு எல்லாரும் பேசிச் சேர்க்கலாம். எங்கள் படகு விதியில் அப்படிச் சேர்ந்தது நங்கூரம்: முன்பக்கம் போட்டால் மூக்கு நேராக நிற்கும், அந்தச் சுற்றில் படகு நகராது.