வடசென்னையிலிருந்து தடா மலைக்குத் தனியாகப் போகிறவர்களுக்கு

வெளிநாட்டிலிருந்து வந்து திருவொற்றியூரிலோ தண்டையார்பேட்டையிலோ சொந்தக்காரர் வீட்டில் தங்கியிருந்தால், சூலூர்பேட்டை மின்சார ரயிலே உங்களை மலைப்பக்கம் கொண்டுபோய்விடும். எண்ணூர், மீஞ்சூர், பொன்னேரி தாண்டி, ஆந்திர எல்லைக்கு அப்பால் தடா. கும்மிடிப்பூண்டியோடு நின்றுவிடும் வண்டிகள்தான் அதிகம், கேட்டுவிட்டு ஏறுங்கள். தடாவிலிருந்து வரதய்யபாளையம் வழியாக உப்பலமடுகு (தடா அருவி) வனத்துறை வாசலுக்கு ஆட்டோ பிடிக்க வேண்டும். போகவரப் பேசி, ஓட்டுநரின் எண்ணையும் வாங்கிக்கொள்ளுங்கள். தனியாளை உள்ளே விடமாட்டேன் என்று வனக்காவலர் சொன்னால் வாதாடாமல் திரும்பிவிடுங்கள்.

ஜனவரி, பிப்ரவரிதான் ஏற்ற காலம். மார்ச் பிறந்தால் வெயிலோடு காட்டுத்தீயும் சேர்ந்துகொள்ளும். 2018இல் குரங்கணியில் மலையேறப் போனவர்கள் தீயில் சிக்கியது மார்ச் 11ஆம் தேதி. அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழைக்காலம். உங்கள் தலைக்கு மேல் வானம் தெளிந்திருக்கும், மேலே மலையில் பெய்திருக்கும். ஓடை நீர் கலங்கி, சருகும் சுள்ளியும் மிதந்து வரக் கண்டால் அந்த நொடியே மேட்டுக்கு ஏறுங்கள். கடந்துவிடலாம் என்று காலை வைக்காதீர்கள்.

வெளிநாட்டில் தனியாக மலையேறுகிறவர்கள் சிக்னல் இல்லாத இடத்திலும் செய்தி அனுப்ப இன்ரீச் போன்ற செயற்கைக்கோள் கருவி வைத்திருப்பார்கள். இந்தியாவுக்கு அதைக் கொண்டுவரவே வேண்டாம். தொலைத்தொடர்புத் துறையின் அனுமதி இல்லாமல் வைத்திருப்பது குற்றம். விமான நிலையத்திலேயே கைதானவர்கள் உண்டு. அதற்குப் பதில் வீட்டில் அத்தையிடமோ சித்தப்பாவிடமோ ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள்: எந்த வாசல், ஆட்டோ எண், எத்தனை மணி வரை போன் வராவிட்டால் அவசர உதவி எண் 112ஐ அழைப்பது. சென்னையிலிருந்து அழைத்தால் தமிழ்நாட்டுக் கட்டுப்பாட்டு அறைக்குத்தான் போகும். இடம் ஆந்திராவில், வரதய்யபாளையம் பக்கம் என்று முதலில் சொல்லச் சொல்லுங்கள்.

மேலே போவது சுலபம், நீர் வரும் திசையில் ஏறினால் போதும். ஆள் வழிதவறுவது இறங்கும்போதுதான். பாறையில் காலடி பதியாது. ஓடையை விட்டுத் தடம் கரையேறும் இடத்தைத் தவறவிட்டு, நீரோடு இறங்கிக்கொண்டே போனால், மேலும் இறங்க வழியில்லாத ஒரு மடுவின் விளிம்பில் போய் நிற்பீர்கள். அதனால் ஓடையைக் கடக்கும் ஒவ்வோர் இடத்திலும் நின்று, வந்த பக்கம் திரும்பி, போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். தடம் மறைந்தால், கடைசியாக நிச்சயமாகத் தெரிந்த இடத்துக்கே திரும்புங்கள். 'இன்னும் கொஞ்சம் முன்னே பார்ப்போம்' என்பதுதான் ஆபத்து.

பச்சைப் பாசி கண்ணுக்குத் தெரியும், தப்பிவிடலாம். காய்ந்ததுபோல் கறுத்து மினுங்கும் பாறையைத்தான் நம்பக்கூடாது. குனிந்து விரலால் தடவிப் பாருங்கள். கொழகொழவென்று ஒட்டினால் உட்கார்ந்தே நகருங்கள். மடுக்களில் தனியாகக் குளிக்கவே கூடாது. தெளிந்த நீர் ஆழத்தைக் குறைத்துக் காட்டும்.

குளிர்நாட்டிலிருந்து வந்த உடம்பு இந்த வெயிலுக்குப் பழக 10 முதல் 14 நாள் ஆகும். ஊர் வந்த முதல் வாரத்திலேயே கிளம்பாதீர்கள். தண்ணீர் 4 லிட்டர். ஓஆர்எஸ் பொட்டலத்தில் பெரியது 1 லிட்டருக்கு, சிறியது 200 மில்லிக்கு. பெரியதைச் சின்ன பாட்டிலில் கரைத்தால் உப்பு மிஞ்சி உடம்புக்குக் கெடுதல். சட்னி வெயிலில் புளித்துவிடும். மிளகாய்ப்பொடியும் நல்லெண்ணெயும் தடவிய இட்லி, அல்லது புளிசாதம் போதும்.

அருவி எதிரே தெரிந்தாலும் 12.30க்குத் திரும்பிவிடுங்கள். டிசம்பர், ஜனவரியில் 6 மணிக்கு முன்பின்னாகச் சூரியன் மறையும். பள்ளத்துக்குள் வெளிச்சம் அதற்கு வெகு முன்பே போய்விடும். ஓடைக்குள் சிக்னலை நம்ப முடியாது. வாசலுக்கு வந்ததும் முதல் போன் வீட்டுக்கு, அடுத்தது ஆட்டோவுக்கு.