கூரை வரை ஒரு தடுப்பு

நான் பிறந்து வளர்ந்தது இலங்கை மலையகத்தில் தலவாக்கலைப் பக்கம் ஒரு லயக் காம்பராவில், அதாவது தேயிலைத் தோட்டத்து வரிசை வீட்டின் ஓர் அறையில். எங்கள் லயத்தில் நடுச்சுவர் கூரையைத் தொடாது. பக்கத்துக் காம்பராவில் மாமா இருமினால் இங்கே அம்மா எழுந்து சுடுதண்ணீர் வைப்பார். அதனால் 7 பேர்ச் காணியில் 550 சதுர அடி வீடு கட்டியபோது, உள் தடுப்பு கூரை வரை போக வேண்டும் என்பதில் மட்டும் நான் விட்டுக்கொடுக்கவில்லை. வெளிச்சுவரும் கூரையும் முடிந்து தரையும் போட்டாகிவிட்டது. அதற்கு மேல் புளக் கல் வைத்தால் அடியில் அத்திவாரம் வேண்டும். ஆகவே மரச்சட்டம் அடித்துப் பலகை ஏற்றினேன். கொழும்பில் ஆறு வருடம் பார்ட்டிஷன் வேலை செய்த கை என்பதால் துணிந்தேன். ஒன்று மட்டும்: கூரையைத் தாங்கும் சுவருக்குப் பதிலாக இதைச் செய்யக் கூடாது. இது வெறும் தடுப்புத்தான்.

முதல் வேலை மரத்தைக் காயவைப்பது. யூகலிப்டஸ் மலிவு, பலமும் உண்டு, ஆனால் பச்சையாக அடித்தால் முறுக்கிக்கொள்ளும். என் தங்கை வீட்டில் அவசரப்பட்டு அடித்தேன். இரண்டே மாதத்தில் கதவு இறுகிவிட்டது, பலகையிலிருந்து ஆணித்தலை வெளியே எட்டிப் பார்த்தது. இன்றும் அந்தக் கதவைத் தோளால் இடித்துத்தான் திறக்கிறார்கள். எங்கள் பக்கம் மே முதல் செப்டெம்பர் வரை மழை விடாது. அதற்கு முன்பே 2க்கு 4 அங்குல மரத்தை அறுத்து, நிழலில், அடுக்குக்கு அடுக்கு சிறு ரீப்பை வைத்துக் காற்றோட்டமாக அடுக்குங்கள். வெட்டு முனைகளில் பெயின்ட் பூசினால் வெடிப்பு குறையும். காய்ந்ததா என்று எப்படித் தெரியும்? ஒரு துண்டில் அடையாளம் போட்டு, கொழுந்து நிறுக்கும் தராசில் வாரம் ஒரு தடவை நிறுத்துப் பாருங்கள். எடை இறங்குவது நின்றால் சரி. எனக்கு நான்கு மாதம் பிடித்தது.

மரம் காயும் வரை தரையில் நூல் அடியுங்கள். மூலையிலிருந்து ஒரு பக்கம் 3 அடி, மறு பக்கம் 4 அடி அளந்து, குறுக்கே 5 அடி வந்தால் செங்கோணம். கோடு போட்டதும் கட்டிலைக் கொண்டுவந்து உள்ளே வைத்துப் பாருங்கள். நான் வைத்துப் பார்த்தபோது கதவு கட்டில் காலில் இடித்தது. சோக்குக் கோடு என்பதால் துடைத்துவிட்டு 9 அங்குலம் தள்ளிப் போட்டேன்.

அடிக்கட்டைக்கு, அதாவது தரையோடு படுக்கும் மரத்துக்கு, கீழே தடித்த பொலித்தீன் விரியுங்கள். நம் ஊர் சீமெந்துத் தரை ஈரத்தை இழுத்து மரத்துக்குக் கொடுக்கும். மரத்தின் அடிப்பக்கத்துக்கும் வெட்டு முனைகளுக்கும் உளு மருந்து (மரம் உளுக்காமல் பூசுவது) இரண்டு கோட் போதும். கதவு வரும் இடத்திலும் அடிக்கட்டையை வெட்டாமல் ஓடவிட்டு, சட்டம் முழுக்க நின்ற பிறகு அந்தத் துண்டை அறுத்து எடுங்கள். முதலிலேயே வெட்டினால் இரு பக்கமும் ஆளுக்கொரு திசையில் நிற்கும்.

இனி நிமிர்கால்கள், அதாவது நிமிர்ந்து நிற்கும் சட்ட மரங்கள். பலகை 8 அடிக்கு 4 அடி. நடுவுக்கு நடு 24 அங்குலம் வைத்தால் பலகையின் விளிம்பு மூன்றாவது காலின் நடுவில் வந்து உட்காரும். புதுப் பையன்கள் இங்கேதான் தவறுவார்கள். முதல் கால் சுவரோடு ஒட்டி நிற்கிறது. அதன் விளிம்பிலிருந்து அடுத்த காலின் விளிம்புக்கு 24 அளந்தால் பலகை எட்டாது. மரம் 2 அங்குலத் தடிப்பு என்றால் சுவரிலிருந்து 23, 47, 71 என்று கோடு போட்டு, கோட்டுக்கு அந்தப் பக்கம் காலை வையுங்கள். கதவின் இரு பக்கமும் இரட்டைக் கால். இடைவெளி, நிலையின் வெளி அளவை விட அரை அங்குலம் கூட இருக்கட்டும்.

கூரைச் சரிவை ஒட்டிப் போகும் தடுப்பில் ஒவ்வொரு காலும் ஒரு உயரம். ஏணியில் ஏறி எல்லாவற்றையும் அளக்க வேண்டாம். சுவரோடு ஒட்டிய முதல் காலை விட்டு, 24 அங்குல இடைவெளியில் நிற்கும் பக்கத்துப் பக்கத்து இரண்டு காலை அளந்தால் போதும். அதே இடைவெளியும் அதே சரிவும் இருக்கும் வரை அந்த வித்தியாசம்தான். என் வீட்டில் காலுக்கு 7 அங்குலம் ஏறியது. தரை மட்டமாக இருந்தால்தான் இந்தக் கணக்கு பலிக்கும், ஆகவே முதலில் தண்ணீர் டியூப் பிடித்துப் பாருங்கள். தூக்குக்குண்டு விட்டு ஒவ்வொரு காலையும் நேர் பார்த்து அடியுங்கள். மேல்கட்டையைக் கூரை மரத்தோடு இறுக்க வேண்டாம். அரை அங்குலம் விட்டு, இரு பக்கமும் சிறு ரீப்பை அடித்துப் பிடித்தால், காற்றில் கூரை அசைந்தாலும் சுவர் வெடிக்காது.

பலகை மூடும் முன் வயரை ஓட்டுங்கள், காலின் நடுவில் துளை போட்டு. சுவிட்ச் பெட்டிகளை இரு அறையிலும் முதுகோடு முதுகு வைக்க வேண்டாம். கூரை வரை சுவர் எழுப்பிவிட்டு அந்த ஓட்டை வழியாகப் பேச்சைக் கேட்க வேண்டியிருக்கும். டீவி, தட்டு, திரைச்சீலைக் கம்பி வரும் இடங்களில் கால்களுக்கு நடுவே குறுக்குக் கட்டை அடித்து, டேப்பை விரித்து வைத்துப் போட்டோ எடுங்கள். பலகை மூடிய பிறகு அந்தப் போட்டோதான் கண்.

சாமித் தட்டுக்கு நான் 5 அடி உயரத்தில் கட்டை அடித்திருந்தேன். அம்மா வந்து நின்று கையை நீட்டிப் பார்த்தார். “விளக்கு ஏத்துறது நானா நீயா?” என்று கேட்டார். கழற்றி 8 அங்குலம் இறக்கி அடித்தேன்.